தையல் காணொளிக்கு அளவுகோல் எது?

தென்காசி மாவட்டத்தில் பெண்கள் வீட்டில் இருந்தபடி செய்யும் வேலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது பீடி. கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துத் தெருக்களில் பகல் நேரத்தில் நடந்தால் திண்ணையிலும் வாசல்நடையிலும் மடியில் சுளகு வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர்களைப் பார்க்கலாம். நனைத்த இலைமேல் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டுவது நுட்பமான கைவேலை. ஆனால் இலையும் தூளும் கம்பெனி கொடுப்பவை. அளவும் கம்பெனி சொல்வதுதான். சரியில்லை என்று கழித்துத் தள்ளுவதும் கம்பெனி ஆள்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளியாக ஏற்றுக்கொண்டது 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். அது பெரிய பாதுகாப்பாக இருந்தது, மறுப்பதற்கில்லை. என்றாலும் முப்பது வருடம் சுற்றிய கைக்கு இது நான் செய்தது என்று எடுத்துக் காட்ட ஒரு பொருள் மிஞ்சுவதில்லை. அதே வீடுகள் பலவற்றில் ஒரு மூலையில் மிதி மெஷினும் நிற்கிறது. அண்மைக் காலமாக அதன் எதிரே ஒரு கைப்பேசியும் நிற்கத் தொடங்கியிருக்கிறது.

வீட்டில் தைப்பதைப் படம் பிடித்துப் போடும் பழக்கத்தை ஊர் இரண்டு விதமாகப் பார்க்கிறது. வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு பார்வை. யூடியூபில் போட்டால் வீட்டிலிருந்தே லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கலாம் என்று இன்னொரு பார்வை. ஒன்று அந்த வேலையை மிகச் சிறியதாக்குகிறது, மற்றது இல்லாத பெருமையை அதற்குச் சூட்டுகிறது. இந்தக் காணொளிகளின் பெறுமதி வேறொரு இடத்தில் இருக்கிறது என்பது என் வாதம். தையல்கடைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த ஓர் அறிவை, துணியை அளந்து வெட்டும் அறிவை, அவை தமிழில் பொதுவுக்குக் கொண்டுவருகின்றன. எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு பணம் வந்தது என்ற கணக்குகளைவிட, பார்த்தவர்களில் எத்தனை பேர் தைக்கக் கற்றார்கள் என்பதே அவற்றுக்குரிய அளவுகோல்.

அந்த அறிவு ஏன் அடைபட்டுக் கிடந்தது என்று பார்க்க வேண்டும். சேலையும் வேட்டியும் தைக்காத உடைகள். நம் பெண்களின் அன்றாட உடையில் தையல் தேவைப்பட்ட முக்கியமான துண்டு ஜாக்கெட். அளவில் அது சின்னது, ஒரு மீட்டர் துணிகூட வேண்டாம். ஆனால் உடலோடு ஒட்டி நிற்க வேண்டிய உடை என்பதால் தைப்பதற்கு மிகக் கடினமானதும் அதுதான். ஷோல்டர் அரை இஞ்ச் கூடினால் கழுத்து வழியும், ஆர்ம்ஹோல் குறைந்தால் கையைத் தூக்க முடியாது, டாட் இடம் மாறினால் முன்பக்கம் சுருங்கும். மேலை நாடுகளில் எபனேசர் பட்டெரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர் 1863-இல் அளவுவாரியான காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். ஜெர்மனியில் ஏன்னே புர்டா தன் பத்திரிகையோடு 1952 முதல் வெட்டு மாதிரிகளைச் சேர்த்துத் தந்தார். வெட்டத் தெரியாத குடும்பப் பெண்ணும் காகிதத்தைத் துணிமேல் விரித்து வெட்டிவிட முடிந்தது. தமிழ் வீடுகளில் அப்படிப்பட்ட காகிதம் ஒருபோதும் பரவவில்லை. நாம் கடைக்கு எடுத்துப்போனது அளவு ஜாக்கெட். அதை விரித்துப் பார்த்து, மனக்கணக்காகவே சாக்கால் கோடு போட்டு வெட்டுகிறவர் கட்டிங் மாஸ்டர். கடையில் சேர்ந்த பையன் காஜா எடுத்து, பட்டன் வைத்து, ஹெம்மிங் செய்து வருடங்களைக் கழித்த பிறகுதான் கத்தரி அவன் கைக்கு வரும். வீட்டில் தைக்கத் தெரிந்த பெண்களிலும் பலர், வெட்டித் தந்தால் தைத்துவிடுவேன் என்ற இடத்தோடு நின்றுபோனார்கள்.

தையல் பள்ளிகள் இல்லாமல் இல்லை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. பெண்கள் பத்திரிகைகளும் வரைபடங்களோடு தையல் பகுதிகளை வெளியிட்டிருக்கின்றன. ஆனால் தையலில் மிக முக்கியமான சில அசைவுகள் எழுத்துக்கும் படத்துக்கும் அகப்படாதவை. கையின் வளைவை ஆர்ம்ஹோலோடு சேர்க்கும்போது எந்தத் துணியைத் தளர்த்தி எதை இழுத்துப் பிடிப்பது, கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வைக்கையில் வளைவில் எவ்வளவு நெருக்கமாகக் கத்தரி போடுவது என்பதையெல்லாம் கண்ணால்தான் கற்க முடியும். அதுவும் ஒரு தடவை பார்த்தால் போதாது. மாஸ்டரிடம் பத்தாவது தடவை கேட்கக் கூச்சமாக இருக்கும். காணொளியைப் பத்துத் தடவை பின்னால் தள்ளிப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சொல்லப்படும் மொழியும் வீட்டு மொழி. "இந்த எடத்துல ஒரு இஞ்ச் கூட வச்சுக்கிடுங்க" என்று நெல்லைத் தமிழில் கேட்கும் பாடம் செங்கோட்டையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் மதினி சொல்வதுபோல் நேராகப் போய்ச் சேர்கிறது. தையல் புத்தகங்களின் தமிழுக்கு அந்த அணுக்கம் வாய்க்கவில்லை.

பொழுதுபோக்கு என்ற சொல்லைத் தாழ்வாகக் கருதுகிறவர்களுக்குக் குற்றாலத்திலேயே பதில் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. சட்டம் படித்தவர். அவரை இன்றும் தமிழ்நாடு நினைவில் வைத்திருப்பது அந்தப் படிப்புக்காக அல்ல. விருப்பத்துக்காகக் கவிதை படித்தார், பிறரோடு உட்கார்ந்து உரக்க அனுபவித்தார், அந்த அனுபவத்தையே ஒரு கல்வியாக்கினார். அவருடைய குற்றாலத்து வீட்டைத் தேடி ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள். கூலிக்காகச் செய்யாத வேலையில் ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும், தன்னோடு எத்தனை பேரை அழைத்துப் போக முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று வேண்டாம். விருப்பத்துக்காகத் தைப்பவரிடம் ஓர் அருமையான வசதி உண்டு. நாளை காலை டெலிவரி என்ற நெருக்கடி இல்லாததால் அவரால் பிரித்துப் பார்க்க முடியும், தவறை ஆராய முடியும், அதை நிதானமாக விளக்கவும் முடியும். நல்ல ஆசிரியர் உருவாவதற்கு வேண்டிய சூழல் அது.

ரெடிமேட் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது வீட்டில் தைப்பானேன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூத்துக்குடி மாவட்டத்துப் புதியம்புத்தூரைக் குட்டித் திருப்பூர் என்றே சொல்கிறார்கள். அங்கே தைத்து வரும் நைட்டியையும் குழந்தைகள் உடுப்பையும் அந்த விலைக்கு வீட்டில் யாராலும் தைக்க முடியாது. துணி, நூல், மின்சாரம், நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நஷ்டம்தான். சிக்கனம் என்ற காரணத்தைச் சொல்லி வீட்டுத் தையலைத் தாங்கிப் பிடிப்பவர்கள் பலவீனமான கம்பத்தில் பந்தல் கட்டுகிறார்கள். ஜாக்கெட்டில் மட்டும் அந்தக் கணக்கு தலைகீழாகிறது, பல நேரம் துணி விலையைவிடத் தையல் கூலி அதிகம்.

அதைவிட முக்கியமானது, கடையில் தொங்கும் அளவுகள் எல்லா உடலுக்கும் பொருந்துவதில்லை என்பது. இந்திய உடல்களுக்கென்று ஒரு அளவுப் பட்டியலே நம்மிடம் இல்லாததால்தான் 25,000 பேரை அளந்து அதை உருவாக்கும் வேலையில் நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் இறங்கியது. அந்தப் பட்டியல் வந்தாலும் சிலர் அதற்கு வெளியில்தான் நிற்பார்கள். தோள் இறுகிப்போய்க் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாத ஆச்சிக்கு முன்கொக்கி வைத்த, கை அகலமான ஜாக்கெட் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்குத் திறப்பு வேறு மாதிரி வேண்டும். காலில் காலிபர் போட்டு நடக்கிற பையனுக்குப் பேண்டின் பக்கவாட்டில் ஜிப் வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவருக்கு உள்ளே சின்னப் பை வைத்துத் தைத்த ஜாக்கெட் வேண்டும். கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற தேவைகள் இவை. வீட்டிலேயே ஒருவருக்கு வெட்டத் தெரிந்திருந்தால் அந்த வீட்டில் ஒரு சங்கடம் தீர்கிறது. பிரின்சஸ் கட், பாட் நெக், ஆரி வேலை என்று கொட்டிக் கிடக்கும் காணொளிகளுக்கு நடுவே இந்தத் தேவைகளுக்கான பாடங்கள் குறைவாக இருப்பது பெரிய குறை. கற்றுத் தருகிறவர்கள் முதலில் திரும்ப வேண்டிய பக்கம் அதுதான்.

தையல் தொழிலாளர்களின் பிழைப்பு என்னாவது என்ற கவலையும் உண்டு. இது பழைய கவலை. பிரான்சில் பார்தெலெமி திமோனியே 1830-இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று ராணுவ உடுப்புத் தைக்கத் தொடங்கியபோது, பிழைப்புப் போய்விடும் என்று பயந்த பாரிஸ் தையல்காரர்கள் அடுத்த ஆண்டே புகுந்து அவருடைய இயந்திரங்களை நொறுக்கினார்கள். அவர்கள் பயத்தை நான் எள்ளமாட்டேன். கூலிக்குத் தைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களின் நிலை இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர்களில் சட்டை, பேண்ட் தைத்த கடைகள் ஒவ்வொன்றாக மூடியது ஏன்? வீட்டுப் பெண்கள் கைப்பேசி பார்த்துத் தைக்கக் கற்றதாலா? ரெடிமேட் கடைகள் தெருவுக்குத் தெரு வந்ததால்தான். ஃபால்ஸ் அடிப்பதும் சின்ன ஆல்ட்ரேஷனும் கொஞ்சம் வீட்டுக்குள் போகும், அது உண்மை. அதே சமயம் ஒரு ஜாக்கெட்டைத் தானே வெட்டித் தைத்துப் பார்த்தவர் மாஸ்டரின் கூலியில் பேரம் பேசத் தயங்குவார். உழைப்பின் அருமை அப்போதுதான் கைக்குத் தெரிகிறது.

இனி வருமானக் கனவுக்கு வருவோம். ஒரு சேனலுக்கு விளம்பரப் பணம் வரத் தொடங்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் மக்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது யூடியூபின் நிபந்தனை. 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். பத்து நிமிடக் காணொளியை ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் 60,000 தடவை அது பார்க்கப்பட வேண்டும். அது வாசல்படிதான், சம்பளம் அதற்கப்புறம். வரும் விளம்பரப் பணத்திலும் 45 விழுக்காட்டை நிறுவனம் எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தரும். குறுங்காணொளிகளுக்கு வேறு நிபந்தனை, 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. தனித் திறமையும் விடாமுயற்சியும் உள்ள சிலர் இதைத் தாண்டி நன்றாகவே சம்பாதிக்கிறார்கள், அவர்கள் உழைப்புக்கு அது தகும். ஆனால் நகையை அடகு வைத்து லைட்டும் ஸ்டாண்டும் வாங்கு, ஆறு மாதத்தில் எடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் ஏழைப் பெண்களை ஏமாற்றுகிறார்கள். பீடிக்குப் பதில் இது என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். ஆயிரம் பீடிக்கு நிச்சயக் கூலி உண்டு, ஆயிரம் பார்வைக்கு அப்படி ஒரு நிச்சயம் கிடையாது.

இந்தப் பணக் கணக்கு தையலையே வளைக்கிறது என்பதுதான் என் பெரிய கவலை. 1924-இல் தில்லியில் ஜி.ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம் இயந்திரங்களைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டார். பின்னாளில் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவியவர் அவர். இயந்திரங்களை அவ்வளவு சந்தேகித்த காந்தி, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். அது மனிதரின் சிரமத்தைக் குறைக்கிறது, மனிதரை ஒதுக்கிவிடுவதில்லை என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். அந்தச் சோதனையைக் கைப்பேசிக்கும் வைத்துப் பார்க்கலாம். மெஷின் காலுக்கும் கைக்கும் கட்டுப்பட்டது, நிறுத்தினால் நிற்கும். கைப்பேசிக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் வேகம் கேட்கிறது, தினமும் புதிது கேட்கிறது. அதற்கு ஈடுகொடுக்கப் பார்த்தால் முதலில் வெட்டி எறியப்படுவது பாடம். துணி விரிகிறது, கை தட்டுகிறது, மறுநொடி ஜாக்கெட் போட்டு நிற்கிறார். நடுவில் அளவு இல்லை, பிரித்துத் தைத்த இடம் இல்லை. வாராவாரம் புது உடை காட்ட வேண்டுமே என்று தேவையில்லாமல் துணி வாங்கி வெட்டுவதும் நடக்கிறது. பழைய சேலையைப் பாவாடையாக்கி, அதன் மிச்சத்தைக் கரித்துணியாக்கிய வீட்டுச் சிக்கனத்துக்கு இது நேர் எதிர்.

இன்னொரு மறுப்பு இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், அப்படி ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இந்த நிலையில் பெண்ணே தைக்கக் கற்றுக்கொள் என்பது இன்னொரு சுமையை ஏற்றுவதாகாதா? ஆகும், வீடு அப்படி நடந்துகொண்டால். அவளுக்குத் தைக்கத் தெரியும் என்பது தெரிந்ததும் கிழிந்த லுங்கி, பிரிந்த பள்ளிப் பை, பக்கத்து வீட்டுத் தலையணை உறை எல்லாம் மெஷின்மேல் வந்து குவிகிற வீடுகளை நாம் அறிவோம். ஒரு மணி நேரம் தனக்கென்று தைக்க உட்கார்ந்தவளை அந்தக் குவியல் விழுங்கிவிடுகிறது. கடையில் தைத்துக் கூலி வாங்கும் தொழில் பல தலைமுறையாக ஆண்களுடையது, வீட்டில் சும்மா தைப்பது மட்டும் பெண்ணுடையதாம். இந்தப் பிரிவினைக்கு எந்த நியாயமும் இல்லை. தன் சட்டைப் பட்டனைத் தானே வைத்துக்கொள்வதும் பேண்டின் அடிமடிப்பைத் தானே தைத்துக்கொள்வதும் பையன்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்த்துக் கற்க வாய்ப்பு எல்லோருக்கும் திறந்திருக்கும்போது தெரியாது என்று சொல்ல வழியில்லை.

பெண் முகம் வெளியே தெரியலாமா என்று தயங்குகிற குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. தயக்கத்துக்குக் காரணமும் உண்டு, கருத்துப்பகுதியில் வந்து விழும் ஆபாசங்களைப் பார்த்தவர் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். தையல் பாடத்துக்கு முகம் அவசியமில்லை என்பது ஒரு நல்வாய்ப்பு. மேலிருந்து கீழ்நோக்கி வைத்த கேமராவில் இரண்டு கைகள், ஒரு டேப், துணி, பின்னால் குரல் இருந்தால் போதும். முகம் காட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் தைப்பவர்தான், அண்ணனோ வீட்டுக்காரரோ அல்ல. ஆனால் அந்த முடிவுக்காகக் காத்திருந்து பாடம் நின்றுபோக வேண்டியதில்லை.

காணொளி மட்டும் போதுமா என்றால் போதாது. துணியைத் தொட்டுப் பார்த்து, தவறான இடத்தில் விரல் வைத்து இங்கே பார் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இங்கேதான் அரசுக்கு வேலை இருக்கிறது. சமூக நலத்துறை சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பாடத்தைப் படம் பிடித்து வீடுவரை கொண்டுபோகத் தெரிந்த அமைப்பு. இயந்திரம், தேர்ந்த கை, படப்பிடிப்பு மூன்றும் அரசிடமே தனித்தனியாகக் கிடக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்துத் தையல்காரர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து, அவர்கள் கையையும் குரலையும் கொண்டு ஒரு முழு வரிசைப் பாடத்தைத் தமிழில் எடுக்க வேண்டும். டூ பை டூ துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைப்பதிலிருந்து, சாரல் காலத்தில் மெஷின் துருப்பிடிக்காமல் எண்ணெய் விடுவதுவரை அதில் இருக்க வேண்டும். சந்தேகம் கேட்க ஊராட்சிகளில் உள்ள மகளிர் குழுக் கட்டடத்தில் வாரம் ஒரு பிற்பகல் போதும். 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டம் இதை முதலில் செய்து காட்டலாம்.

அரசு செய்யும்வரை இந்த வேலை வீட்டில் தைத்துப் படம் பிடிப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு ஜாக்கெட்டைத் தைத்து முடித்ததும் அதை உள்பக்கம் திருப்பிக் காட்டுங்கள். தையலுக்கு எத்தனை இஞ்ச் விட்டீர்கள், எங்கே பிரித்து மறுபடி தைத்தீர்கள், ஏன் பிரிக்க வேண்டி வந்தது என்பதைச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை, வெட்டுவதை முழுதாகக் காட்டுங்கள்.